முசுட்டைத் தெரிவு செய்தவள்

தண்ணீர்க் கோப்பைக்குள் கட்டைவிரலைத் தோய்த்து, உதறாமல் துடைக்காமல் அப்படியே கைத்தொலைபேசியின் திரையில் வைக்கிறாள் நிவேதனா. திரை தடுமாறுகிறது. அவள் தொட நினைத்தது 'அனுப்புக'. திரை எடுத்துக்கொண்டது அதற்குப் பக்கத்தில் இருந்த 'அழிக்க'. "பாத்தியே உதை," என்கிறாள், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும். கணினிப் பக்கம் திரும்பி இரண்டு பொத்தான்களுக்கும் இடையில் இன்னும் கொஞ்சம் இடம் விடுகிறாள். பிறகு மறுபடியும் கோப்பை.

நெல்லியடிச் சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது அவள் வேலை செய்யும் இடம். ஐந்து பேர், ஐந்து மேசை, மின்சாரம் நின்றால் பிடிப்பதற்கு ஒரு பெரிய பற்றறி. அவள் மேசையில் எப்போதும் இரண்டு கோப்பைகள் இருக்கும். நல்லது தேநீருக்கு. கைப்பிடி உடைந்தது விரல் தோய்க்க. லக்சன் என்ற நிரலாளன் வேலைக்கு வந்த முதல் நாளே கைப்பிடி உடைந்ததை எடுத்துக் குடித்துவிட்டு, "என்னக்கா, உப்புக் கரிக்குது," என்று முகத்தைச் சுளித்தான்.

"உப்புப் போட்டால் கரிக்காதோ?" என்றாள் நிவேதனா. "சும்மா தண்ணியும் கடல் தண்ணியும் ஒண்டே? கடலுக்குத் தொழிலுக்குப் போற ஆக்கள் கையைத் துடைச்சுப்போட்டோ போனை எடுக்கினம்?"

அன்றிலிருந்து அவள் வரையும் பொத்தான்கள் பெரிதாக இருப்பதற்குக் காரணம் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், வெதுப்பகத்துப் பணிஸ் போல உப்பியிருக்கின்றன என்று அவற்றுக்குப் 'பணிஸ்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். "அக்கா, இந்தப் பணிசுக்கு என்ன நிறம்?" என்று கேட்டால் அவளும் கோபிக்காமல் நிறத்தைச் சொல்லுவாள்.

நிவேதனாவுக்கு வயது முப்பத்தாறு. சொந்த ஊர் பொலிகண்டி. தகப்பன் வழியும் தாய் வழியும் கடலோடிகள். கைத்தொலைபேசிச் செயலிகளுக்கு முகம் அமைப்பது அவள் தொழில். எந்தத் திரைக்குப் பிறகு எந்தத் திரை வரவேண்டும், கண் முதலில் எங்கே போகும், விரல் எங்கே தடுக்கும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. "கொம்பியூட்டரிலை படம் கீறுறாள்" என்பது அவளுடைய தாய் அயலட்டைக்குக் கொடுக்கும் விளக்கம். அவள் தானே சொல்லும்போது வேறு மாதிரிச் சொல்லுவாள். "வீடு கட்டுறது லக்சன். எந்தப் பக்கம் படலை, எந்தப் பக்கம் கதவு எண்டு சொல்லிக் குடுக்கிறது நான். இருட்டுக்கை வாறவனும் முட்டுப்படாமல் உள்ளுக்கை போகவேணும்."

இந்த வேலையை அவள் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ஓர் அச்சகத்தில் கலியாணக் கார்ட்டும் செத்தவீட்டு அந்தியேட்டி மலரும் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தாள். தமிழ் எழுத்து எங்கெங்கே குழப்படி செய்யும் என்பதை அங்கேதான் கற்றாள். 'கொ'வின் கொம்பு ஒரு வரியின் கடைசியில் நின்றுவிடும். மிச்சம் அடுத்த வரிக்குப் போய்விடும். 'ளூ'வின் வால் கீழ்க்கோட்டில் வெட்டுப்படும். மாப்பிள்ளையின் பெயருக்கு வால் இல்லாமல் போனால் வீட்டுக்காரர் அச்சகத்துக்கு வந்துவிடுவார்கள். ஆகையால் எந்த மென்பொருள் புதிதாக வந்தாலும் அவள் அதற்குள் முதலில் எழுதுவது ஒரே வரிதான்: 'ஸ்ரீகௌரி கொழும்பிலிருந்து உறுதிப்படுத்துக.' பொருள் இல்லாத இந்த வரியைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, எழுத்துகளுக்கு இடையில் இடம் விட்டு, நெருக்கிப் பார்ப்பாள். 'உறுதிப்படுத்துக' என்ற சொல் அவளுக்கு ஓர் அளவுகோலும் கூட. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தில் முடிகிற பொத்தானுக்குத் தமிழில் இவ்வளவு நீளம் வேண்டும் என்று வெளிநாட்டு மென்பொருள்காரர்கள் நினைத்திருக்கமாட்டார்கள். "உந்தப் பெட்டி அரை உறுதிப்படுத்துகதான் அகலம், காணாது," என்பாள்.

வீட்டிலும் விடமாட்டாள். கணவன் சுபாங்கன் வாகனம் திருத்துகிறவன். மாலையில் அவன் கிறீஸ் படிந்த கையோடு வந்து குந்தினால், முன்னால் திரையை நீட்டி, "இதிலை எதை முதல் அமத்துவியள்?" என்று கேட்பாள்.

"தேத்தண்ணியை," என்பான் அவன்.

இந்த வருடம் தைப்பொங்கல் கழிந்த கிழமை அலுவலகத்தின் உரிமையாளர் கோபிசங்கர் எல்லாரையும் கூப்பிட்டார். கோபிசங்கர் கொழும்பில் பதினைந்து வருடம் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பி இந்த நிறுவனத்தைத் தொடங்கியவர். பதற்றம் இல்லாத மனிதர், முடிவெடுப்பதைப் பிற்போடுவது மட்டும் அவருக்குப் பிடிக்காது. அவர் சொன்ன விசயம் சுருக்கமானது. திரைகளை வரைவதற்கும், வரைந்ததை ஓடவிட்டுக் காட்டுவதற்கும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மென்பொருளைப் பாவிக்கிறார்கள். இனி எல்லாருக்கும் ஒன்றுதான். எது என்று நிவேதனா சொல்லவேண்டும்.

"ரெண்டு கிழமை எடும்," என்றார். "வடிவா யோசிச்சு ஒண்டைச் சொல்லும். பேந்து மாத்தக் கேக்கக்கூடாது."

மாற்றக் கேட்கக்கூடாது என்பதில் நியாயம் இருந்தது. ஒன்றுக்குள் வரைந்ததை இன்னொன்றுக்குள் கொண்டுபோக முடியாது; கொண்டுபோனாலும் கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகத்தான் போய்ச் சேரும். பிழையான ஒன்றைத் தெரிவுசெய்தால் வருடக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டவேண்டியிருக்கும்.

போட்டியில் இருந்தவை மூன்று. அவற்றின் உண்மைப் பெயர்களை அலுவலகத்தில் எவரும் இப்போது சொல்வதில்லை. நிவேதனா வைத்த பெயர்களே நின்றுவிட்டன. ஏற்கெனவே பாவித்தவற்றில் ஒன்று 'பழசு'. அது கோபிசங்கரின் கணினியில் மட்டும் ஓடும்; அவர் வெளியே போனால் எல்லாரும் அவர் வரும்வரை காத்திருக்கவேண்டும். இரண்டாவது 'வடிவு'. ஐந்து பேரும் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் வரையலாம். ஒருவர் ஒரு கோட்டை நகர்த்தினால் மற்ற நால்வரின் கண்ணெதிரிலும் அது நகரும். திரைகள் பட்டுத்துணி வழுகுவதுபோல ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும். மூன்றாவதோ திறந்தவுடனேயே கேள்வி கேட்கும். எங்கே பார்த்தாலும் சின்னச் சின்னப் பெட்டிகள், நிபந்தனைகள். சரியாகக் கேட்டால் செய்யும். ஒரு காற்புள்ளி பிசகினால் சிவப்பாக முறைக்கும். அதற்கு 'முசுடு' என்று பெயர் வைக்க அவளுக்கு அரை மணித்தியாலம்கூடத் தேவைப்படவில்லை.

பழசு முதல் நாளே கழிந்தது. மிச்சம் இரண்டில் எல்லாருக்கும் வடிவையே பிடித்தது. நிவேதனாவுக்கும் பிடித்தது. மூன்று நாட்கள் அவள் அதற்குள் சந்தோசமாகக் குடியிருந்தாள். கொம்பு பிரியவில்லை, வால் வெட்டுப்படவில்லை. அலுவலகத்தில் இளையவளான தனுஷிகா, அவளும் வடிவமைப்பாளர்தான், ஒரு மூலையில் நிறம் தீட்ட, இவள் மறுமூலையில் எழுத்தை அடுக்க, வேலை பாட்டுப்பாடிக்கொண்டு நடந்தது. கோபிசங்கர் தந்த தாளில் இரண்டுக்கும் புள்ளி போட்டாள். பன்னிரண்டு கேள்விகள், பதினொன்றில் வடிவு முன்னுக்கு நின்றது.

ஆனால் கரைக்குக் கொண்டுபோய்க் காட்டாமல் அவள் எதையும் முடிவு செய்வதில்லை.

அப்போது கையில் இருந்த வேலை, வடகரையில் ஒரு கடற்றொழிலாளர் சங்கம் கேட்ட செயலி. எந்தப் படகில் யார் யார் கடலுக்குப் போயிருக்கிறார்கள், யார் திரும்பிவிட்டார்கள், நேரம் கடந்தும் யார் திரும்பவில்லை என்பதைக் கரையில் உள்ளவர்கள் உடனே அறியவேண்டும். அதுவரை அந்தச் சங்கத்தில் இதை ஒரு கொப்பியில் எழுதிவந்தவர் பாலேஸ்வரி. ஐம்பத்து மூன்று வயது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கொப்பி அவர் வீட்டில் இருந்ததால், யாருக்காவது சந்தேகம் என்றால் அவர் வீட்டுக்கு ஓடிவரவேண்டும். அதுதான் சங்கத்தின் குறை.

லக்சன் ஒரு வரி நிரல் எழுதுவதற்கு முன்னர், அந்தச் செயலி எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி செய்து பாலேஸ்வரியின் கையில் கொடுப்பது திட்டம். பார்த்தால் செயலி போலவே இருக்கும். உள்ளே ஒன்றும் இராது. வடிவைக் கொண்டு அதை நிவேதனா ஒன்றரை நாளில் செய்து முடித்தாள்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, தனுஷிகாவை ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு சங்கக் கட்டடத்துக்குப் போனாள். படகுகள் எல்லாம் விடியவே வந்து மீன் ஏலம் கூறி விற்று முடிந்திருந்தது. கரையில் வலை காய்ந்தது. பாலேஸ்வரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியில் இருந்தார்.

"பாலேசக்கா, ஒரு போட் தொழிலுக்குப் போகுதெண்டு நினைச்சுக்கொண்டு அமத்துங்கோ," என்றாள் நிவேதனா. "பிழை வந்தால் அது உங்கடை பிழை இல்லை, எங்கடை."

படகின் பெயர் கேட்ட திரையைப் பாலேஸ்வரி இலகுவாகத் தாண்டினார். அடுத்தது, எத்தனை பேர். அவர் மூன்று என்று அடித்தார். திரை பட்டுப்போல வழுகி அடுத்ததுக்குப் போயிற்று. அங்கே '5 பேர் புறப்பட்டனர்' என்று இருந்தது.

"மூண்டெண்டெல்லோ அடிச்சனான்."

"ஓம் அக்கா. இது மாதிரிதானே. நீங்கள் என்ன அடிச்சாலும் இதிலை அஞ்செண்டுதான் காட்டும். நாங்கள் அப்பிடிக் கீறி வைச்சிருக்கிறம்."

பாலேஸ்வரி கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார். "அப்ப மற்ற ரெண்டு பேரும் ஆர்?"

தனுஷிகா சிரித்தாள். பாலேஸ்வரி சிரிக்கவில்லை. இருபத்தாறு வருடம் கொப்பியில் ஆள் எண்ணிக்கை எழுதியவருக்கு மூன்றும் ஐந்தும் விளையாட்டு இல்லை. "அடுத்ததைப் பாப்பம் அக்கா," என்றாள் நிவேதனா.

அடுத்தது பட்டியல். கடலில் நிற்கும் படகுகள், ஆட்களின் பெயர்கள், நேரம். பாலேஸ்வரி விரலால் மெல்ல மேலே தள்ளிக்கொண்டு போனார். விரல் ஓர் இடத்தில் நின்றது. அங்கே சிவப்பு எழுத்தில் 'ஆழ்வாப்பிள்ளை: இன்னும் கரை சேரவில்லை' என்று இருந்தது.

அவர் எழும்பினார். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் மோதியது. வாசலுக்குப் போய்க் கையை நெற்றியில் வைத்துக் கடலைப் பார்த்தார். வெறுங்கடல்தான்.

"காலமை வந்திட்டேரே," என்றார், எவரையும் பார்க்காமல். "நான்தானே புட்டு அவிச்சுக் குடுத்தனான்."

ஆழ்வாப்பிள்ளை அவருடைய கணவர்.

சொல்லிக்கொண்டே அவர் தன் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நிவேதனா எழுந்து நின்றாள். ஒருவாறு மறுமுனையில் நித்திரைக் குரல் கேட்டது. "இஞ்சாருங்கோ, எங்கை நிக்கிறியள்?" என்றார் பாலேஸ்வரி. "ஓ. ஒண்டுமில்லை. சும்மாதான் எடுத்தனான். படுங்கோ, படுங்கோ."

திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு இருந்தார்.

"பிள்ளை, உது பொய்யெண்டு எனக்குத் தெரியும். ஆனா உந்தச் சிவப்பிலை அந்தப் பேரைக் கண்டாப் பேந்து எனக்கு ஒண்டும் தெரியாது."

"பிழை என்னிலைதான் அக்கா. நான்தான் அந்தப் பேரைப் போட்டனான்."

"ஏன் போட்டனீர்?"

மறைக்க நிவேதனாவுக்கு மனம் வரவில்லை. "சங்கம் தந்த லிஸ்டிலை ஆகலும் நீளமான பேர் அதுதான். பெட்டிக்கை அடங்குதோ எண்டு பாக்கப் போட்டனான். ஆற்றை பேரெண்டு நான் யோசிக்கேல்லை."

பாலேஸ்வரி அதை மனதுக்குள் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். "நீளமோ. அவருக்கு உந்தப் பேராலை பள்ளிக்கூடத்திலையே கரைச்சல். எழுதி முடிக்கிறதுக்குள்ளை வாத்தியார் கொப்பியைப் பறிச்சிடுவாராம்." போகும்போது ஒரு பையில் ஓரா மீன் போட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல அவர் விடவில்லை.

நெல்லியடிக்கு வந்ததும் நிவேதனா நேரே தன் மேசைக்குப் போனாள். மீன் பையைச் சுவரில் கொழுவிவிட்டு, கோபிசங்கர் தந்த புள்ளித் தாளை எடுத்தாள். பன்னிரண்டு கேள்விக்கும் கீழே பேனையால் பதின்மூன்றாவதை எழுதினாள்: 'மனிதர் சொன்னதைக் கேட்குமா?' வடிவின் பக்கத்தில் சுழியம் போட்டாள். வடிவு படங்களை அடுக்கிக் காட்டும். அதற்கு மேல் அதற்குத் தெரியாது. மூன்று என்று அடித்த மனுசிக்கு ஐந்து என்று காட்டும் ஒன்றை, ஆட்களை எண்ணும் வேலைக்கு எப்படிப் பரீட்சித்துப் பார்ப்பது? பாலேஸ்வரி எங்கே தடுமாறுவார், எங்கே பயப்படுவார், பயந்தால் எதைத் தேடுவார் என்பதை அவர் தானே எழுதியது தன் முன்னால் வந்தால்தான் அறியமுடியும். படத்தில் அறியமுடியாது.

அன்று பிற்பகல் அவள் முசுட்டைத் திறந்தாள்.

அடுத்த ஏழு நாட்களும் அலுவலகத்துக்கு நல்ல பொழுதுபோக்கு. நிவேதனா மென்பொருளோடு கதைக்கிறவள், அதுவும் மரியாதையாக. "இப்ப உமக்கென்ன கோவம்?" என்பாள். "மூண்டெண்டு தந்தால் மூண்டெண்டு பிடியுமன். அதிலை என்ன கஷ்டம் உமக்கு?" சிவப்பாக முறைத்தால், "சரி சரி, நான்தான் புள்ளியை விட்டிட்டன், முறையாதையும்," என்று திருத்துவாள். வடிவில் ஒன்றரை நாளில் முடித்ததை இதில் முடிக்க ஒரு கிழமை பிடித்தது. இரண்டு தடவை முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். தனுஷிகா வந்து எட்டிப்பார்த்துவிட்டு, "அக்கா, உது சோதினைத்தாள் மாதிரியெல்லோ இருக்கு," என்று ஓடிவிட்டாள். ஆனால் ஆறாம் நாள் மத்தியானம், அவள் போனில் மூன்று என்று அடித்தபோது, அடுத்த திரை மூன்று பேரின் பெயரைக் கேட்டது. அவள் இரண்டு என்று மாற்றினாள். இரண்டு பேரின் பெயரைக் கேட்டது. அவள் அந்த மாதிரியைப் பதினொரு தடவை திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். சாப்பாட்டுப் பாசல் திறக்காமல் கிடந்தது.

கோபிசங்கருக்கு அவள் முடிவு பிடிக்கவில்லை.

"எல்லாரும் வடிவிலைதான் நிக்கினம், நிவேதனா. வேலை கேட்டு வாற பிள்ளையளுக்கும் அதுதான் தெரியும். நாங்கள் மட்டும் உதோடை நிண்டால் என்னெண்டு சரிவரும்?"

"நீங்கள் சொல்லுறது சரி அண்ணை. ஒருக்கா இதைப் பாருங்கோ. பாத்திட்டுச் சொல்லுங்கோ." போனை அவர் கையில் கொடுத்தாள். வேறொன்றும் விளக்கவில்லை.

கோபிசங்கர் கதிரையில் சாய்ந்துகொண்டு படகுக்குக் 'கோபி 1' என்று பெயர் வைத்தார். இரண்டு பேர் என்று அடித்தார். பெயர் கேட்டது. தன் பெயரைப் போட்டார், மற்றதற்கு, "என்ரை போட்டிலை என்ரை மகள் இல்லாமல் ஆர் வாறது?" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு 'ஆரபி' என்று எழுதினார். ஆரபிக்கு ஒன்பது வயது. புறப்பட்டாச்சு என்பதை அமத்தினார்.

"இதிலை ஒரு நிமிசம் ஒரு மணித்தியாலம் எண்டு வையுங்கோ," என்று சொல்லி, நிவேதனா போனின் தொடர்பை நிறுத்தினாள்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் திரையில் மஞ்சள் கோடு வந்தது: 'தொடர்பு இல்லை. கடைசியாகத் தெரிந்தது 5.10.' மருந்துக்கடைக்கு முன்னால் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துப் போனது. பிறகு மஞ்சள் சிவப்பாயிற்று. 'ஆரபி: இன்னும் கரை சேரவில்லை.'

கோபிசங்கர் நிமிர்ந்து இருந்தார். முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று அவருக்கே தெரிந்திராது. விரல் திரையின் மேலே போயிற்று, கீழே வந்தது, கடைசியில் அந்தப் பெரிய பணிசைக் கண்டுபிடித்து அழுத்தமாக அமத்தியது: 'கரைக்கு வந்தாச்சு.' போன் சொன்னது: 'பதிந்துகொண்டேன். தொடர்பு கிடைத்ததும் எல்லாருக்கும் அறிவிப்பேன்.'

அவர் போனை மேசையில் வைத்தார். "உதை வடிவிலை செய்யேலாதோ?" என்று கேட்டார்.

"செய்யலாம் அண்ணை. ஆனா அதிலை ஆரபி வரமாட்டா. நான் போட்ட பேர்தான் வரும்."

லக்சன் தன் மேசையில் இருந்தபடியே தட்டுவதை நிறுத்தியிருந்தான். கோபிசங்கர் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வேலை சுணங்கும்," என்றார்.

"சுணங்கும்தான்," என்றாள் அவள். அதை அவள் மறுக்கவில்லை.

"அப்ப முதல் ரெண்டு மாசம் சுணங்கினதைப் பற்றி நான் கதைக்கமாட்டன். பேந்து கதைப்பன்."

அப்படித்தான் அந்த அலுவலகத்துக்கு முசுடு வந்தது. வேலை உண்மையிலேயே சுணங்கியது. தனுஷிகா ஒரு கிழமை முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தாள். வடிவில் அவள் வரைந்து வைத்த நிறங்களை எல்லாம் மறுபடியும் வரையவேண்டியிருந்தது. அவளுக்காக நிவேதனா ஒரு வழி கண்டாள். முதல் வரைவு இனி எந்த மென்பொருளிலும் இல்லை. வெள்ளைத் தாளில், பென்சிலால், ஐந்து பேரும் ஒரே மேசையைச் சுற்றி இருந்து. தாளில் வாக்குவாதம் முடிந்த பிறகுதான் முசுட்டைத் திறப்பது. இதில் தனுஷிகாவின் கை எல்லாரையும்விடத் திறமாக இருந்தது. ஒரு மாதத்துக்குள் அவளே லக்சனுக்கு முசுட்டின் நிபந்தனைகளைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள்.

இன்னொரு புதுச் சட்டமும் வந்தது. மாதிரிகளில் மனிதர்களின் பெயரைப் போடக்கூடாது. பட்டியலை நிரப்பப் பெயர் வேண்டும் என்றால் மீன்களின் பெயர். இப்போது அந்த அலுவலகத்தின் மாதிரிப் படகுகளில் சீலாவும் பாரையும் கும்பிளாவும் தொழிலுக்குப் போகின்றன. திருக்கை நேரத்தோடு திரும்பிவிட்டது. அறக்குளா இன்னும் கரை சேரவில்லை. சங்கத்தில் இதைப் பார்த்த ஒருவர், "அறக்குளா கரைக்கு வந்தால் எங்களுக்கும் ஒருக்கா அறிவியுங்கோ," என்றாராம். இந்தக் கதையை நிவேதனா வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் சொல்லுகிறாள். நீளம் பார்ப்பதற்கும் அவளுக்குக் குறைவில்லை. 'சூடைவலைக்காரச்சுறா' என்று ஒரு மீனை அவளே உண்டாக்கிவிட்டாள்.

பங்குனியில் ஒரு பிற்பகல், படகுகள் புறப்படும் நேரம், அவளும் தனுஷிகாவும் மறுபடியும் கரைக்குப் போனார்கள். இந்த முறை சங்கக் கட்டடத்தில் இல்லை. படகடியில், வெயிலில், காற்றில். கவிழ்த்து வைத்த மீன் பெட்டி ஒன்றின் மேல் பாலேஸ்வரி இருந்தார். பக்கத்தில் ஆழ்வாப்பிள்ளை ஐஸ் கட்டிகளைப் படகுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார். மெலிந்த, உயர்ந்த மனிதர்.

"தங்கச்சி, என்ரை பேர் இப்ப பெட்டிக்கை அடங்குதோ?" என்று கேட்டார் அவர்.

"அடங்குது அண்ணை. ரெண்டு எழுத்துக்கு இன்னும் இடம் கிடக்கு."

பாலேஸ்வரி படகின் பெயரை எழுதினார். மூன்று பேர் என்று அடித்தார். மூன்று பெயருக்கு இடம் வந்ததும் தலையை ஒருமுறை ஆட்டிக்கொண்டார். மீன் பெயர் போட்டுப் பார்க்கலாம் என்று நிவேதனா முன்பே சொல்லியிருந்தாள். அவர் கேட்கவில்லை. முதல் இடத்தில் கணவரின் பெயரை, தன் கொப்பியில் எழுதுவது போலவே, ஒவ்வோர் எழுத்தாக நிதானமாக அடித்தார். மற்ற இருவரின் பெயரையும் படகிலிருந்து கேட்டு எழுதினார். கடைசித் திரை வந்தது. 'புறப்பட்டாச்சு' என்ற பொத்தானை அமத்தவேண்டும். அது கீழே இருந்தது. பாலேஸ்வரியின் விரல் மேலே போயிற்று, அங்கே இருந்த தலைப்பைச் சுற்றியது, மூலையில் இருந்த 'திரும்பிச் செல்க' பக்கமாக நகர்ந்தது. அதைத் தொட்டால் எழுதிய எல்லாம் போய்விடும். தனுஷிகா வாயைத் திறந்தாள். நிவேதனா கண்ணால் வேண்டாம் என்றாள்; அவர் தானே கண்டுபிடிக்கவேண்டும்.

"பிள்ளை, உதோ?" என்று கேட்டார் பாலேஸ்வரி.

"உங்களுக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடி அக்கா."

சொல்லிவிட்டு நிவேதனா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். ஒரு கையால் மற்றக் கையின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, திரையைப் பாராமல், கடலைப் பார்த்தபடி நின்றாள். ஆழ்வாப்பிள்ளையின் படகு இயந்திரம் ஒருமுறை இருமி, பிறகு பிடித்துக்கொண்டது. 'பதிந்துகொண்டேன்' என்று போன் மணியடித்துச் சொன்ன பிறகுதான் அவள் மணிக்கட்டை விட்டாள்.